பொருக்கின் மேல் ஓட்டிய ஜீப்

சுனாமிக்கு அடுத்த வருஷம் வைகாசியில் அக்கா புருஷன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். மணல்மேடும் கழுவேலி ஏரியும் பார்க்கப் போகலாம், நீயும் வா என்று சொல்லி அனுப்பினார். உப்பு வாருகிற நேரம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

போகாமல் இருக்க முடியாது. எனக்கு விசா எடுத்துத் தருவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவதோடு நின்றவனுக்கு உப்பளத்தை விட்டால் அது ஒன்றுதான் வழி.

முதல் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஜீப் நின்றது. கோட்டக்குப்பத்துச் சிநேகிதர் ஒருவருடையது. மாமா பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். வண்டியின் டேஷ்போர்டைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"நாளைக்கு ஏஜென்ட்டாண்ட குடுத்துடறேன். இன்னிக்கு ஒழுங்கா இரு."

ஒழுங்காக இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

முன்னால் மாமாவும் அவருடைய அக்காவும். அந்த அம்மாள் என் அக்காவுக்கு நாத்தனார். பின்னால் அக்கா, இரண்டு பெண் குழந்தைகள், நான்.

"டேய் மச்சான், காலைத் தட்டிட்டு ஏறு. சீட்டுல உப்பு பூத்துடப் போவுது."

"ஏறட்டும் வுடு. பக்கத்துல மாங்காவ வெச்சா ஊறுகா ஆயிடும்" என்றாள் நாத்தனார்.

குழந்தைகளும் சிரித்தன. அக்கா வெளியே பார்த்தாள். என் குதிகால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாக நின்றது உண்மைதான். கழுவினாலும் போகாது.

சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல்மேடு. மாமா இறங்கி நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். ஜீப் மணலில் சிக்காமல் ஏறியது. அதில் அவர் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் உப்பளம், அதற்கும் பின்னால் கழுவேலி வெள்ளையாகக் கிடந்தது.

"எங்க தம்பி ஓட்டாத மணலா" என்று நாத்தனார் மூன்று தரம் சொன்னாள்.

மாமா கேமராவை எடுத்தார். "நீ தள்ளுடா. கருப்பா வுழுந்து படத்தையே கெடுத்துடுவே."

தள்ளி நின்றேன். தோப்பு நிழலில் பிரியாணி சாப்பிட்டோம். சாப்பிட்ட அண்டாவை என்னிடம் நகர்த்தினார். மணல் போட்டுத் தேய்த்தேன். டேஷ்போர்டை நினைத்துக்கொண்டு தேய்த்தேன்.

பிறகு கழுவேலிக்குப் போனோம். வெயிலுக்குத் தண்ணீர் நடுவில் ஒதுங்கியிருந்தது. சுற்றிலும் வெள்ளைத் தரை. தூரத்தில் பூநாரைகள்.

"அப்பா, கிட்டப் போலாம்பா" என்றாள் சின்னவள்.

"வண்டியிலேயே போலாம்மா. ரோடு மாதிரி இருக்குது பாரு."

நான் இறங்கி நாலு அடி நடந்து குதிகாலால் அழுத்தினேன். வருஷா வருஷம் பாத்தியை மிதித்து மிதித்து இறுக்கிவிட்டுத்தான் தண்ணீர் கட்டுகிறோம். எந்தத் தரை தாங்கும், எது தாங்காது என்று எங்களுக்குக் காலே சொல்லிவிடும். மேலே விரல் கனத்துக்குப் பொருக்கு. கீழே கொழகொழ என்றிருந்தது.

"மாமா, வேணாங்க. மேலதான் காஞ்சிருக்குது. கீழ சேறு."

"டேய், பத்து வருஷம் பாலைவனத்துல ஓட்டினவன்டா நான். நீ எனக்கு ரூட்டு சொல்றியா?"

"அது மணலு மாமா. இது வேற."

"உப்பு வார்ற நாய்க்குப் பேச்சப் பாரு" என்றாள் நாத்தனார்.

மாமா ஜீப்பைக் கிளப்பினார். நான் பின்பக்கம் போனேன்.

"அக்கா, எறங்கு. கொழந்தைங்களையும் எறக்கு."

மாமா திரும்பினார். "எறங்கிடுவியா நீ? எறங்கிப் பாரு."

அக்கா அவரைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் என்னோடு உப்பு வாரியவள் அவள். செருப்பைக் கழற்றினாள். இறங்கினாள். குதிகாலை ஒரு தரம் அழுத்தினாள். பிறகு குழந்தைகளைத் தூக்கிக் கீழே விட்டாள்.

"தம்பிக்காரன் சொன்னா வேதவாக்கு. கட்டினவன் சொன்னா காத்து" என்று நாத்தனார் கத்தினாள். அவள் இறங்கவில்லை.

ஜீப் வேகமாகப் போனது. நூறு அடி தாண்டியிருக்கும். முன்சக்கரம் இரண்டும் உள்ளே போயின. மாமா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்பக்கமும் இறங்கியது. கதவைத் திறந்து காலை வைத்தார், முழங்கால் வரை போனது. நாத்தனார் சீட்டின் மேல் ஏறி நின்று என்னைத் திட்டினாள்.

நான் உடனே போகவில்லை. ஒரு பீடி பற்ற வைத்தேன். அது முடியும் வரை நின்றேன். அக்காவும் போகச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் உப்பளத்துக்கு நடந்து போய் நாலு ஆட்களைக் கூட்டி வந்தேன். பலகை, சாக்கு, சவுக்குக் கிளை எல்லாம் கொண்டு வந்தோம். நாத்தனாரைப் பலகை மேல் உட்கார வைத்து இழுத்தோம்.

"மெதுவாடா, மெதுவாடா பாவிங்களா!"

"ஆடாதம்மா. உப்பு மூட்டை கூட இவ்ளோ ஆடாது" என்றான் ஒருவன்.

ஜீப் கரை ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாமாவுக்கு ஒரு கால் ஷூ இல்லை. முகத்திலும் சேறு. அவர் சேற்றைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி புதைந்ததை அவர் மறந்திருப்பார். அவள் இறங்கியதுதான் அவருக்கு ஆறவில்லை.

டேஷ்போர்டைத் திறந்தார். பாஸ்போர்ட்டை எடுத்து ஏரிப் பக்கம் வீசினார்.

"போ. உப்பையே நக்கு."

அது பொருக்கின் மேல் விழுந்து கிடந்தது. புதையவில்லை. அதற்கு அவ்வளவுதான் கனம். அக்கா போய் எடுத்தாள். முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். பிறகு குழந்தைகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. எனக்கு அது தெரியும். ஜீப் கிளம்பியது. நான் ஆட்களோடு நடந்தேன்.

அந்த விசாவில் மாமாவின் சித்தப்பா மகன் போனான். அக்காவை மூன்று வருஷம் எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் வந்த அன்று நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருந்தா?"

"நானே எறங்கியிருப்பேன். சோத்தப் போடு, பசிக்குது" என்றாள்.

போட்டேன்.