அப்பாவின் தனிப் படம்

பவுடர் வாசனையில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ரயில் பெட்டி கழுவும் வேலைக்குப் போய்வந்து எப்போதும் சோப்பும் ஈரமுமாக மணக்கும் அப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் நிறையப் பவுடர் பூசிக்கொண்டு, "வா கண்ணு, சிவாஜிநகர் போய் ஒரு போட்டோ புடிச்சிட்டு வரலாம்" என்றார். அப்போது எனக்குப் பத்து வயது.

ஒரு மாதம் முன்புவரை அப்பா சரியான சிடுமூஞ்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்துதான் இந்தத் "தமாஷ்" எல்லாம். உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவர், "டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே உப்ப நிறுத்திட்டவ நீ" என்று அம்மாவைச் சீண்டினார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனால் நெடுநேரம் திரும்ப மாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில், உயிரோடு இருப்பவர் யாரும் தனியாகப் படம் எடுத்துச் சுவரில் மாட்டுவதில்லை. கல்யாணப் படம், பிள்ளைகளோடு படம், அவ்வளவுதான். தனிப் படம் என்றால் அதற்கு மாலை உண்டு என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் ஸ்டூடியோவில் நான் ஓடிப்போய் அப்பாவை ஒட்டி நின்றுகொண்டேன். "நீ அந்தாண்ட போம்மா, இன்னிக்கி நான் மட்டும்தான் ஹீரோ" என்று நகர்த்திவிட்டார்.

"ஸ்வல்ப நகி சார், கொஞ்சம் சிரிங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார் போட்டோக்காரர்.

"கண்ணு தொறந்திருக்கறப்பவே எடுத்துடுப்பா. அப்புறம் நீ கெஞ்சினாலும் தொறக்க மாட்டேன்."

போட்டோக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிப்பதால்தான் அப்பா இப்படிப் பேசிக்கொண்டே போகிறார், நான் ஒருத்தி சிரிக்காவிட்டால் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் பழைய சிடுமூஞ்சியாக எங்களோடேயே இருந்துவிடுவார் என்று நம்பினேன். என்னைச் சிரிக்கவைக்க ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார். அந்த நொடியில் விளக்கு பளிச்சிட்டது. அதற்குப் பிறகு அவருடைய எந்தத் தமாஷுக்கும், கடைசிவரை, நான் சிரிக்கவேயில்லை. பாவி நான்! ஆடி மாதத்தில் அந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று மொபைல் கவர் விற்கிறார்கள். தனிப் படம் என்றால் இருந்த அந்தப் பயமும் போய்விட்டது. என் மகள் நாளுக்குப் பத்து செல்ஃபி எடுக்கிறாள். போன வாரம் என் ஸ்கேன் முடிவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதும் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். "அப்படியே அம்மாவையும் ஒண்ணு எடுடி, தாத்தா பக்கத்துல மாட்டலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது.

அவளும் சிரிக்கவில்லை. ஆனால் போனைக் கீழே வைத்துவிட்டு, நான் என் அப்பாவிடம் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"ஏம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?"