சாட்டையடிக்கு ஒன்ஸ் மோர்

டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டருக்கு ஒரே படத்தைத் தினமும் பார்க்கிற தண்டனை உண்டு. அனுபவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் எனக்கு அந்த வேலை.

விசில்

மதுரையிலிருந்து ஒரு அம்மன் படப் பெட்டி வந்தது. இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகப் பூசாரி குறி சொல்லுவார். ஊரே கும்பிட்டு நிற்க, கோயில் வாசலில் அவளைச் சாட்டையால் விளாசுவார். கடைசி ரீலில் அம்மன் வந்து அவரை எரித்துவிடும்.

சாட்டையடியில் சனங்கள் கண் கலங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். மணலில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எழுந்து விசிலடித்தார்கள். திரும்பப் போடச் சொல்லிக் கத்தினார்கள். முதலாளியும் போடச் சொல்லிவிட்டார். டிக்கெட் கிழிக்கிற வீரணன் முகம் வெளிறி என் அறைக்கு வந்தான். "அண்ணே, எங்க அக்கா வீட்டுக்காரரும் நின்னு கத்துறாருண்ணே."

கோடாங்கியின் சந்தேகம்

அந்த வாரமே ஒரு மத்தியானம், உடுக்கடித்துப் பேய் ஓட்டுகிற கோடாங்கி ஒருவர் வந்தார். பூசாரியை வில்லனாகக் காட்டியதற்குச் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துபோய், அது சும்மா சினிமாதான் என்று சமாதானம் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "நான் வேப்பங்குழைதான் வச்சு அடிக்கிறேன். அந்த மாதிரிச் சாட்டை எங்க தம்பி கிடைக்கும்?"

பேச்சி

கொஞ்ச நாளில் வீரணன் தன் அக்கா பேச்சியைக் கொட்டகைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். மாமியாரை எதிர்த்துப் பேசியதால் பேய் என்று முடிவு கட்டி, புருஷனே அந்தக் கோடாங்கி முன்னால் உட்கார வைத்திருக்கிறான். முதுகில் சாட்டை பட்ட இடமெல்லாம் ரத்தம் காய்ந்து சேலை ஒட்டியிருந்தது. மேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் வரும்வரை என் அறையில் உட்கார வைத்தோம். அவள் அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் படம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன். "நானும் பாத்தேண்ணே. அடி விழுறப்ப அந்தக் கடைசி ரீலத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். யாரும் வரல."

உள்ளங்கை

அன்று சாயங்காலம் சாட்டையடி வந்ததும் லென்ஸ் முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தேன். திரை இருண்டது, அலறல் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் மணலை அள்ளி வீசியது. முதலாளி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "அந்த அடியப் பாக்கத்தான்யா கூட்டமே வருது. அம்மன் வாரப்ப பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிர்றான்."

வீரணனும் நானும் மறுநாளே வேலையை விட்டோம், பேச்சி புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை, படம் மட்டும் பக்தகோடிகளின் பேராதரவோடு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.