மூன்று விரல் சாய்ந்த ஜீப்

எங்கள் வீட்டு வாசலில் முதன்முதலாக ஒரு வண்டி வந்து நின்றபோது அதற்குக் கதவு இல்லை, கூரை இல்லை, ஹாரன் மட்டும் ஊரைக் கூட்டுகிற மாதிரி இருந்தது. சித்தப்பா ஏலத்தில் எடுத்து வந்த பழைய ஜீப் அது. "எருமை வாங்கியிருந்தாலும் பாலாவது கறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் நான்காம் வகுப்பில் எவள் வீட்டிலும் ஜீப் கிடையாது! அரைப்பரீட்சை லீவு முடிந்து திங்கட்கிழமை நான் ஜீப்பில்தான் வந்து இறங்குவேன் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

அதே திங்கட்கிழமைதான் சித்தப்பாவுக்கும் பரீட்சை. நாவலூர் பக்கம் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டர், ஜீப்பைத் தினமும் வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அங்கே அப்போது வயலும் பள்ளமும் மண்பாதையும்தான். வண்டி தாழ்வாக இருக்கிறது, அடி தட்டும், உயர்த்திக் கொண்டுவா, திங்கட்கிழமை காலையில் பார்க்கிறேன் என்பது அவர் கண்டிஷன். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. அந்த ஆள் வேண்டாமென்றால் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஜீப்பைத் தள்ளிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

லீவின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பாய் வந்தார். சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், பல்லாவரத்தில் மெக்கானிக். ஜீப்பின் அடியில் வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதுதான் ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் வண்டி உயர்ந்துவிடும் என்று எனக்கு விளக்கிவிட்டு, ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. நான் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அடி வாங்கினேன்.

அம்மா வாசலுக்கு வந்தாள். "இன்னிக்கு பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சு வண்டியக் கீழ இறக்கிடுங்க. ராகு காலத்துல அது அந்தரத்துல தொங்க வேணாம்."

"அண்ணி, ராகுவுக்கு ஜீப் ஓட்டத் தெரியாது" என்றார் சித்தப்பா. அவர் இதையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவர்.

"இன்னா மச்சான், அக்கா ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்க மாட்டியா?" என்றார் பாய். "எனக்கும் தொழுகைக்குப் போவணும். சீக்கிரம் முடிப்போம்."

கை முழுக்க கிரீஸ் என்பதால் சித்தப்பா வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஹாலில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிற உத்தியோகம் எனக்கு வந்தது. அடேங்கப்பா, அதுபோல ஒரு பதவியை நான் அதற்குப் பிறகு வகித்ததில்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் ஓடி ஓடிக் கத்தினேன். "பத்தே கால்!" என்றால் ஸ்பானர் பறக்கும். "பத்து இருபது!" என்றால் பாய் ஜீப்புக்கு அடியில் தவழ்ந்து போவார். இரண்டு பெரிய ஆம்பளைகள் என் ஒரு சத்தத்துக்குப் பதறியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. தாம்பரத்தில் ரயிலைத் தவறவிடக் கூடாது என்று அப்பா அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் வேகமாக வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கூத்தெல்லாம் அடங்கிவிடுமே! வாயை மூடிக்கொண்டேன்.

"பத்தரை!" என்று நான் கூவியபோது வலதுபக்க போல்ட்டுகளை மட்டும்தான் இறுக்கி முடித்திருந்தார்கள். இடதுபக்கத்தைக் கையால் திருகிவிட்டு அவசர அவசரமாக வண்டியைக் கீழே இறக்கினார்கள். பாய் தொழுகைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து இடதுபக்கத்தை இறுக்கினார். அம்மா கற்பூரம் காட்டினாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி நசுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றது. உயர்ந்துதான் இருந்தது. ஆனால்...

"ஐயையோ! இன்னா மச்சான், ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது?" என்றார் பாய்.

இடதுபக்கம் மூன்று விரல் தாழ்ந்திருந்தது. தெருவே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. சாயங்காலம் ரயிலிலிருந்து வந்த அப்பா பார்த்துவிட்டு, உள்ளே போய்க் காலண்டரில் அடுத்த வெள்ளிக்கிழமையைத் தேடினார். அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க வைத்தியம். காற்று குறைவா என்று பார்த்தார்கள், நாலு டயரிலும் சரியாக இருந்தது. மழைத்தண்ணீர் ஓட எங்கள் வாசலைச் சரிவாகப் பூசியிருக்கிறார்களே, அதனாலா என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள். அப்போதும் அதே இடதுபக்கம்தான். டயரை மாற்றிப் போட்டார்கள், பின்னால் கிடந்த சாமானையெல்லாம் இறக்கினார்கள். வலதுபக்கம் என்னை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஜீப் என்னை மதிக்கவே இல்லை. கடைசியில் பாய், இடதுபக்கப் பட்டை மட்டரகமாக இருக்கும், வேறு வாங்க வேண்டும் என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது.

ஞாயிறு சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நாளைக்கு இதப் பாத்து அந்தாளு சிரிக்கத்தான் போறாரு. சந்தை புரோக்கர்கிட்ட இப்பவே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்." சித்தப்பா தலை நிமிரவில்லை. எப்போதும் வாயடிக்கிற மனுஷன் அப்படி நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அப்பா, போவாதப்பா! ஜீப் மேல தப்பு இல்ல, எம்மேலதான். கடியாரம் வேகமா ஓடுதுன்னு தெரிஞ்சும் நான் சொல்லல. ராகு காலம் வரதுக்கு முன்னாடியே பத்தரைன்னு கத்திட்டேன். அதான் ராகுவுக்குக் கோவம் வந்து இடதுபக்கம் ஏறி உக்காந்துகிட்டாரு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"இரு மச்சான். அன்னிக்கு அவசரத்துல எந்தப் பக்கம் டைட் பண்ணோம்?"

"வலது."

"ஜாக்கில தொங்கிகினு இருக்கசொல்லதானே?"

"ஆமா. இடது பக்கம் ரெண்டு மணிக்கு, கீழ இறக்கின பொறவு."

பாய் பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பட்டை நல்லாதான் கீது! புஷ்ஷுதான் முறுக்கிகினு நிக்குது!"

விஷயம் இவ்வளவுதான். பட்டையின் நுனியில் புஷ் என்று ஒரு ரப்பர் உண்டு. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கியதால் வலதுபக்க ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கீழே இறங்கவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தது. இடதுபக்கம் தாழவில்லை, வலதுபக்கம்தான் இறங்கவில்லை!

பாய் தரையில் நின்ற வண்டிக்கு அடியில் புகுந்து வலதுபக்க போல்ட்டுகளைத் தளர்த்தினார். "குதிங்க!" என்றார். நானும் சித்தப்பாவும் பம்பரில் ஏறிக் குதித்தோம். அசையவில்லை. "அண்ணா, நீங்களும் ஏறுங்க" என்றார் பாய். வீட்டிலேயே கனமான ஆள் அப்பாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாவது குதிக்கு 'டொக்' என்று ஒரு சத்தம். ஜீப் மெல்ல உட்கார்ந்தது. பாய் கையால் இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு ஜாண் நாலு விரல், ஒரு ஜாண் நாலு விரல்! சித்தப்பா என்னைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினார்.

பாய் போல்ட்டுகளை இறுக்கி முடித்ததும் சித்தப்பா வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு ஹால் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் அண்ணா, இது பத்து நிமிஷம் இல்லியே, இருவது நிமிஷம் வேகமா ஓடுது!"

"நான் வெச்சது பத்துதான்" என்றார் அப்பா. "ஸ்டூல் போட்டு ஏறினாத்தான் முள்ளு எட்டும். யாரு தொட்டது?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று அம்மா உள்ளே போய்விட்டாள். பாய் வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், அம்மா கடிகாரத்தைத் துடைத்தபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். ஆனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பழைய கடிகாரம், கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கான்ட்ராக்டர் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். அதற்கு முன்னால் நான் பள்ளி வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க இறங்கியிருந்தேன். அது தனிக்கதை.

அந்த ஞாயிறு ராத்திரியே அம்மா யாரும் கேட்காமலே கேசரி கிண்டியிருந்தாள். முந்திரியெல்லாம் பொறுக்கியெடுத்தது போலச் சித்தப்பா தட்டில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னது நான், முந்திரி அவருக்கா என்று நான் சண்டைக்குப் போனேன். அம்மா தன் தட்டில் கிடந்த ஒற்றை முந்திரியையும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். சித்தப்பா கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு "அண்ணி கேசரின்னா அண்ணி கேசரிதான்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் அத்தனையையும் தின்று தீர்த்தார்.