சந்தனப் பொட்டு வைத்த தோட்டாக்கள்

பித்தளையில் பழப்புளி பட்டதும் கிளம்புகிற மணம், புளிப்பும் பச்சைக் களிம்பும் கலந்து பல்லைக் கூசவைக்கிற அந்த மணம், மற்றப் பிள்ளைகளுக்குக் கார்த்திகை விளக்கீட்டை நினைவூட்டும். குத்துவிளக்குத் தேய்க்கிற நாளின் மணம் அது. எனக்கு அது வெடிக்கோதுகளின் மணம். அச்சுவேலியில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா குழம்புக்கென்று கரைத்து வைத்த புளியை ஐயா சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய், சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை அதில் ஊறப்போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்து மணப்பெண்ணின் தோடுபோல மினுங்க வைப்பார். அன்றைக்கு எங்களுக்குப் புளியில்லாத குழம்பு. விஞ்ஞானத்துக்காக எங்கள் குடும்பம் செய்த முதல் தியாகம் அதுதான்.

ஐயா என்றால் என் தகப்பனார். காலையில் தபால் கந்தோர், பின்னேரம் மிளகாய்த் தோட்டம், இவை இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமெல்லாம் துவக்கு. மலைநாட்டில் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த ஐயாவின் தகப்பனார், என் அப்பு, ஊர் திரும்பியபோது, அங்கிருந்த துரை தன் தேசத்துக்குக் கப்பலேறும் அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போன பெரிய வாய்த் துவக்கு அது. யானையை விழுத்துவதற்கென்று செய்யப்பட்டது. குடாநாட்டிலோ காட்டு யானை என்று ஒன்று கிடையாது. எங்கள் தோட்டத்துக்கு வாய்த்த மிகப் பெரிய எதிரி அணில். அதற்கடுத்த எதிரி அயல்வீட்டுப் பசுமாடு. இரண்டையும் அந்தத் துவக்கால் சுட்டால் பிறகு அடக்கம் செய்வதற்கு ஏதும் மிஞ்சாது. ஆகவே அது ஆண்டுக்கு ஒருமுறை அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டப்பட்டு, ஒரு வேலையும் செய்யாமல் எங்கள் வீட்டில் வாழ்ந்தது. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள் என்று அம்மா சொல்வா.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். ஆனால் தோட்டா வரவில்லை. ஐயா தானே செய்வதென்று முடிவெடுத்தார். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திருகோணமலையில் போட்டுவிட்டுப் போன உபரிச் சன்னங்கள், அதாவது தோட்டாவின் நுனியில் இருக்கும் ஈயத் துண்டுகள், ஒரு பிஸ்கற் ரின் நிறைய அவருக்கு எங்கேயோ அகப்பட்டன. பழைய கோதுக்குள் புது வெடிமருந்து, அதன் தலையில் உபரிச் சன்னம். கடைத் தோட்டாவைவிட இது குறி தப்பாது என்பது ஐயாவின் கட்சி. கடைத் தோட்டாவால் அவர் எதையாவது குறிபார்த்து அடித்ததை நான் கண்டதில்லை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கவில்லை.

இந்தக் கட்சியில் ஐயாவைத் தவிர இன்னுமொரு அங்கத்தவர் இருந்தார். இளைப்பாறிய சித்திர ஆசிரியர். ஊர் அவரை 'ட்ரோயிங் மாஸ்ரர்' என்றே அறியும். சன்னமெல்லாம் ஒரே நிறையாயிருந்தால் எல்லாம் ஒரே ஓட்டைக்குள்ளால் போகும் என்று அவர் கலர் பென்சிலால் படம் கீறிக் காட்டினார். படத்தில் எல்லாம் போயின. உடனே பத்தரிடம் பவுண் நிறுக்கிற தராசு இரவல் வாங்கப்பட்டது. காற்றுப்பட்டால் தட்டு ஆடும் என்று யன்னல்கள் சாத்தப்பட்டன. அம்மா தாளிதம் போட்டால் தும்மல் வரும், தும்மினால் நிறை பிசகும் என்று தாளிதம் தடைசெய்யப்பட்டது. பன்னிரண்டு வயதில் எனக்கு விரல் மெல்லிசு, கண் கூர்மை என்று சொல்லி நிறுவைக்காரியாக நியமித்தார்கள். நான் அந்தப் பதவியில் மயங்கிப்போனேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெட்டையள் கொக்கான் வெட்டி விளையாடும்போது, எனக்கு வீட்டில் முக்கிய அலுவல் இருப்பதாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சன்னங்களை மூன்று வெற்றிலைத் தட்டங்களில் பிரித்து வைத்து, 'மூத்தவர்', 'நடுவிலார்', 'கடைக்குட்டி' என்று பெயரும் சூட்டியிருந்தேன். அறிவு கெட்டதுகள் மூன்று ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தன. அதில் கடைசி நான்.

ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். மிளகாய்த் தோட்டத்தின் கடைசியில் பழைய கதவுப் பலகை ஒன்றை நிறுத்தி ஐயா சுட்டுப் பழகும்போது, ட்ரோயிங் மாஸ்ரர் பின்னால் நின்று பலகையைப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று ஐயாவின் முகத்தைப் பார்ப்பேன். விசையை இழுக்கும் கணத்தில் ஐயா இரண்டு கண்ணையும் இறுக மூடிவிடுவார். அந்தத் துவக்கு தோளில் மாடு முட்டுவதுபோல முட்டும். பாவம், அவரும் மனிதன்தானே. பலகை சேதமில்லாமல் நிற்கும். "நிறையிலை எங்கையோ பிசகு" என்று மாஸ்ரர் சொல்வார். "ஓம், திரும்ப நிறுப்பம்" என்பார் ஐயா. கண்ணைப்பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நிறுவை நின்றிருக்கும். என் பதவியும் போயிருக்கும்.

அந்த வருடம் மாரி கண்டபடி பெய்தது. வெள்ளத்தோடு வெள்ளமாக எங்கிருந்தோ ஒரு முதலை தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்குள் வந்து சேர்ந்தது. முதலில் ஒரு நாயைக் கொண்டுபோனது. பிறகு இரண்டு ஆடு. எங்களுக்கு அதை வந்து சொன்னவ தங்கம். அவவின் புருஷன் நடராசா அந்த ஏரிக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்து இறால் பிடிப்பவர். தங்கம் அதைக் கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்துவந்து எங்கள் பக்கம் விற்பவ. படலையடியில் நின்றுதான் கதைப்பா. உள்ளே வரும்படி எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அதில் பிழை இருப்பதாக அன்றைக்கு எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

"ஐயா, மனுசன் தண்ணிக்கை இறங்கேலாமல் கிடக்கு. நீங்கள் ஒருக்கா உந்தத் துவக்கோடை வந்தியளெண்டால் காணும்."

ஐயாவின் முகம் கற்பூரம் கொளுத்தியதுபோல ஒளிர்ந்ததை நான் கண்டேன். கடைசியில், ஆண்டவன் கிருபையால், அந்தத் துவக்குக்கேற்ற ஒரு மிருகம் குடாநாட்டுக்குள் வந்துவிட்டது.

"வாறம் தங்கம். ஆனால் ஆயத்தமில்லாமல் வரேலாது. அவசரம் குறிக்கு எதிரி. ஒரு கிழமை பொறு."

ஒரு கிழமை நிறுத்தோம். முதலைத் தோலுக்கு 'மூத்தவர்' தான் பொருத்தம் என்று ஐயா சொன்னார். 'நடுவிலார்' தான் நேரே போவார் என்று மாஸ்ரர் சொன்னார். இரண்டு பேரும் இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு சமாதானமாகி, எல்லாவற்றையும் கலந்து முதலிலிருந்து நிறுத்தோம். தங்கம் மறுபடி வந்தபோது கடகத்தில் இறால் இல்லை, கொஞ்சம் கருவாடு இருந்தது. ஐயா பெருந்தன்மையோடு தராசைப் படலை வரைக்கும் கொண்டுபோய், ஒரு நெல்மணி வித்தியாசம்கூட இல்லாமல் நிறுப்பதன் அருமையை அவவுக்கு விளக்கினார். அவ முழுவதையும் கேட்டா.

"முதலை நிறை பாத்தே ஐயா கடிக்குது?"

அடுப்படிக்குள் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. நானும் மாஸ்ரரும் சிரிக்கவில்லை. படிப்பில்லாத சனத்துக்கு இதெல்லாம் விளங்காது என்று நான் அன்றைக்கு மெய்யாகவே நினைத்தேன்.

மூன்றாம் கிழமை தங்கம் வெறுங்கையோடு வந்தா. அம்மா ஒரு கொத்து அரிசியைச் சுளகில் போட்டுக்கொண்டு படலைக்கு ஓடினா. தங்கம் கை நீட்டவில்லை.

"அரிசி வேண்டாமம்மா. ஐயாவை அனுப்பிவிடுங்கோ. வெள்ளிக்கிழமை என்னவானாலும் தான் இறங்கிறனெண்டு மனுசன் சொல்லிப்போட்டுது. பிள்ளையள் பட்டினி கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு அது கரையிலை இராது."

அம்மா திரும்பி ஐயாவைப் பார்த்த பார்வையில் ஒரு ஆண்பிள்ளை அந்தக் கணமே துவக்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருப்பான். ஐயா பஞ்சாங்கத்தைத் தூக்கினார். புதன் அட்டமி, வியாழன் நவமி. வெள்ளி காலை நல்லது.

வியாழன் பின்னேரம் தான் அந்தப் பெருங்காரியம் நடந்தது. கன்னிவேட்டைக்குப் போகிற தோட்டாக்களை வெறுமனே கொண்டுபோகலாமா என்று மாஸ்ரர் கேட்டார். ஆறு தோட்டாக்களும் தலைவாழை இலையில் சாமியறைக்குப் போயின. தேவாரம் பாடி, சாம்பிராணி காட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. நெல்மணி வித்தியாசமில்லாமல் ஒரு மாதம் நிறுத்த கை அது. பொட்டிலும் வஞ்சகம் செய்யாமல், நல்ல இறுக்கமாக அரைத்த சந்தனத்தை விரலால் அள்ளி, கோதின் வயிற்றில் வட்ட வட்டமாக அப்பினேன். ஆறும் ஆறு மாப்பிள்ளைகள்போல இருந்தன. "பிள்ளைக்குக் கைராசி" என்றார் மாஸ்ரர். எவ்வளவோ கணக்குப் பார்த்த இரண்டு தலைகளுக்கும் என் தலைக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. விடியும்போது சந்தனம் சீமெந்தாகியிருந்தது.

வாடகைக் கார் பிடித்து, துவக்கைச் சேலையில் சுற்றி, நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது நடராசா தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். கரையில் தங்கமும் நாலைந்து ஆட்களும் தடிகளோடு நின்றார்கள். தங்கம் எங்களைக் கண்டதும் கையை நீட்டினா. அவ காட்டிய இடத்தில், நடராசாவுக்கு இருபது முப்பது முழம் தள்ளி, பனங்குற்றிபோல ஒன்று அசையாமல் மிதந்தது.

ஐயா தோட்டாவை உள்ளே போட்டார். அது பாதியில் நின்றது. தள்ளினார், போகவில்லை. இழுத்தார், வரவும் இல்லை. மாஸ்ரர் பேனாக்கத்தியால் அதை நெம்பி எடுத்து இரண்டாவதைக் கொடுத்தார். அதுவும் அதே இடத்தில் நின்றது. "சந்தனம்" என்றார் ஐயா, வெறுங்குரலில். நான் மூன்றாவது தோட்டாவை நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். மாஸ்ரர் நான்காவதைத் தன் சால்வையால் துடைத்தார். ஒரு மாதம் நிறுத்த மூன்று பேரும் கரையில் குந்தியிருந்து பொட்டழித்துக்கொண்டிருந்தோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது பனங்குற்றி அந்த இடத்தில் இல்லை.

நடராசா கத்தவில்லை, தண்ணீர்தான் கத்தியது. தங்கம் பக்கத்தில் நின்றவரின் கையிலிருந்த மரக்கோலைப் பறித்துக்கொண்டு, சேலையோடு தண்ணீருக்குள் பாய்ந்ததை மட்டும் கண்டேன். மற்றவர்களும் பின்னால் பாய்ந்தார்கள். முதலை அவருடைய கையைப் பிடித்த பிடியில் கையிலிருந்த வலையையும் சேர்த்துப் பிடித்திருந்தது. உருண்டு உருண்டு தானே அந்த வலைக்குள் சுற்றிக்கொண்டது. தங்கம் கோலால் அதன் கண்ணிலே குத்தினா. வலைக்கயிற்றில் ஆளுக்கொரு பக்கமாக இழுத்து அதைக் கரைக்குக் கொண்டுவந்து, தடியாலும் கோடரியாலும் அடித்துக் கொன்றார்கள். நடராசா மணலில் இருந்தபடி தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டா உள்ளே போனது. ஐயா செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும்: உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்லி, ஆட்களை விலகச் சொல்லி, செத்துக் கிடந்த முதலையைப் பத்தடி தூரத்தில் நின்று குறிபார்த்தார். கண்ணிரண்டும் மூடின. மணல் கிளம்பி எல்லார் தலையிலும் விழுந்தது. முதலையில் ஒரு கீறலும் இல்லை.

தங்கம் தன் சேலையைக் கிழித்துப் புருஷனின் கையைச் சுற்றிக்கொண்டிருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விடுங்கோ ஐயா. அது இனிச் சாகாது."

நாங்கள் கொண்டுவந்த காரில் நடராசாவை ஆசுபத்திரிக்கு ஏற்றினோம். அன்றைக்கு நாங்கள் செய்த உருப்படியான காரியம் அந்தக் காரைப் பிடித்ததுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், "எங்கடை ஐயா முதலை சுட்டவர்" என்று சொன்னது நான்தான். வேறு யாருமில்லை. வெடிச்சத்தம் கேட்ட சனம் அதை நம்பிற்று. ஐயாவும் மறுக்கவில்லை, வருகிறவர்கள் கேட்டால், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிச் சொல்லவும் தொடங்கினார். பத்தடி முந்நூறு அடியாக வளர்ந்திருந்த ஒருநாள், தங்கம் படலையடியில் வந்து நின்றா. நடராசாவால் பழையபடி வலையை விரித்து எறிய முடியாமல் போனபின், மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தான். அந்த இறால்தான் கடகத்தில் இருந்தது. வந்திருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதையை ஐயா பாதியில் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்கோ ஐயா" என்றா தங்கம், கடகத்தை இறக்கி வைத்துவிட்டு. "நானும் கேக்கிறன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தக் கதையைச் சொல்லவில்லை. தராசு பத்தரிடம் போய்ச் சேர்ந்தது.

துவக்கைப் பிறகு அரசாங்கம் கேட்டு வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யுத்தத்தில் வீடும் போனது, மிளகாய்த் தோட்டத்தில் இப்போது யாருடையவோ மாடிவீடு. ஐயா இல்லை, மாஸ்ரர் இல்லை, நடராசாவும் தங்கமும் இல்லை. இந்தத் துப்புக்கெட்ட வரலாற்றுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி உடுவிலில் குடியிருக்கும் நான்.

போன மாசம் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஒரு இளந்தாரி வலையை உதறிக்கொண்டு நின்றான். முன்பு இங்கே ஒரு முதலை வந்ததாமே என்று, ஒன்றும் தெரியாதவள்போல வாயைக் கிண்டினேன்.

"ஓம் அன்ரி. எங்கடை அப்பப்பாவின்ரை கையைப் பிடிச்சது. அப்பம்மா மரக்கோலாலை கண்ணிலை குத்தி, எல்லாருமாச் சேந்து அடிச்சுக் கொன்றவை. இஞ்சை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

"ஆரோ துவக்கோடை வந்து நிண்டவையெண்டும் கேள்விப்பட்டன்" என்றேன்.

அவன் யோசித்தான். என் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாக யோசித்தான் என்று நினைக்கிறேன்.

"துவக்கோ? இல்லை அன்ரி. இந்தக் கதையிலை துவக்கு வராது."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் தண்ணீருக்குள் இறங்கிப் போனான், நெஞ்சளவு ஆழம் வரும்வரைக்கும்.