பனியில் நான் கொட்டிய விதை

நுவரெலியாவில் இரண்டு மரக்கறிக் கடை, ஒரு லொறி, நானுஓயா ரோட்டில் மாடி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவை இவை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்மேட்டில் வருஷம் தவறாமல் பூக்கிறதே நீலப்பூ, அதிலும் என் கை இருக்கிறது. ஊர்தான் தங்கச்சியை மட்டும் புகழ்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குத் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. லயத்துக்குப் பின்னால் அவர் போட்ட பூசணிக்கொடி பூத்துப் பூத்து உதிரும், பிஞ்சு நிற்காது. தேனீ வராததுதான் காரணம் என்பார். ஒரு நாள் பங்களாவிலிருந்து சீமைக் காட்டுப்பூ விதை கொஞ்சம் கொண்டுவந்தார். ஒரு தடவை வேர் பிடித்தால் வருஷா வருஷம் தானே தழைக்குமாம், தேனீயும் தேடி வருமாம். நான் கையை நீட்டினேன்.

“ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்டா. தங்கச்சி பொறுமையா பாத்துக்குவா.”

எட்டு வயதுக்காரியிடம் கொடுத்துவிட்டார்!

அவள் பிஸ்கட் டின்னில் மண் நிரப்பி, விதையைத் தூவி, குளிர் படாமல் அடுப்போரம் வைத்தாள். அப்பா வேலை விட்டு வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். டின்னைத்தான் எட்டிப் பார்ப்பார். விறகு சுமந்தது நான், தண்ணீர் தூக்கியது நான். ஒரு மாதமாகியும் ஒரு முளைகூட இல்லை. அப்படியும் அவளுக்குத்தான் தட்டிக்கொடுத்தல்.

வயிறு எரிந்தது. தை மாதத்தில் ஒரு பகல், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், டின்னைப் பின்மேட்டில் கவிழ்த்துக் கொட்டினேன். வேறு மண்ணை நிரப்பி அதே இடத்தில் வைத்தேன். அந்த வாரமே மேடெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து தேயிலைக் கொழுந்து கருகியது. தங்கச்சி வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கடைசியில் அழுதுகொண்டே அவளும் அந்த மண்ணை அதே மேட்டில் கொட்டினாள்.

“அழாதம்மா, வெத பழசா இருந்திருக்கும்” என்றார் அப்பா. அதற்கும் திட்டு இல்லை!

சித்திரை மழைக்குப் பிறகு மேட்டில் முளை கண்டது. “அப்பா, நான் கொட்டுன எடத்துல மொளச்சிருக்கு!” என்று அவள் கத்தினாள். மறுவருஷம் பூத்தது. தேனீ மொய்த்தது. பூசணி காய்த்தது. முதல் காயை அவள் மடியில் வைத்து, “எம் மக வளத்த பூவால வந்தது” என்றார் அப்பா. அன்றைய பூசணிக் கறியை நான் தொடவில்லை. விதையைக் கொட்டியது நான்தான் என்று வாயைத் திறந்தால் முதுகு பழுத்திருக்கும்.

போன மாதம் கடைக்கு வந்த விவசாயப் போதனாசிரியரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “அந்த வெத குளிருல கெடந்தாத்தாங்க ஐயா மொளைக்கும். அடுப்போரம் வெச்சா எந்தக் காலத்துல மொளைக்கிறது?” என்றார்.

நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏண்ணே, பொறாமையில கொட்டுனதுக்குமா ஒங்களுக்குப் பேரு வேணும்?”

வேணும். கெடுக்கத்தான் கொட்டினேன், மறுக்கவில்லை. அந்த விதைக்கு வேண்டியதைத்தான் செய்கிறேன் என்று பதினொரு வயதுப் பயலுக்கு எப்படித் தெரியும்? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வாயால் இனிக் கேட்க முடியாது. அதனால் ஊரார் சொல்லட்டும்: விதைத்தது தங்கச்சி, முளைக்க வைத்தது அண்ணன்.