ஆன் செய்தால் ஐந்து விண்டோ

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில், செத்துக் கிடந்த மெஷினை எழுப்பிக் கொடுத்தால் கும்பிடுவார்கள், ஆன் செய்ததும் தானாகத் திறந்துகொள்ளும் விண்டோக்களை நிறுத்திக் கொடுத்தால் "அவ்ளோதானா?" என்பார்கள். இந்தத் தொழிலில் லோல்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அம்பத்தூரில் ஒரு சர்வீஸ் கடையில் போன் எடுக்க என்னைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்தவள் நான். பாஸ்கரும் மற்ற சீனியர்களும் கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு வெளிவேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். விண்டோ கேஸ் என்றால் மட்டும் அவர்கள் நகர மாட்டார்கள், கௌரவக் குறைச்சலாம். அதையாவது எனக்குக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "பையை எடுத்துக்கோ கலா. ஆனா ஒரே ஒரு கம்ப்ளைன்ட் திரும்பி வந்தாலும் மறுபடி போன் நாற்காலிதான்" என்றார்.

ஆவடிப் பட்டியல்

முதல் வேலை ஆவடி குவார்ட்டர்ஸில். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர், மகள் படிப்புக்காக வாங்கிய மெஷின். ஆன் செய்தால் ஐந்து விண்டோ திறக்கும். இல்லாத ஃபேக்ஸுக்கு ஒன்று, எப்போதோ போட்ட சிடிக்கு ஒன்று, இப்படி. எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில் மூடுவது என்று ஒன்று முதல் ஐந்து வரை எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். வரிசை தப்பினால் மெஷின் கெட்டுவிடும் என்பது வீட்டுச் சட்டம்.

ஆன் செய்ததும் தானாக ஓட வேண்டியவை கிடக்கும் இடம் ஸ்டார்ட்அப் ஃபோல்டர். அதில் இருந்த ஐந்தையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன். திரை துடைத்துவிட்டது போல் வந்து நின்றது. ஒன்றுமே திறக்காததைப் பார்த்து முதலில் பயந்தவர், பிறகு சிரித்தார். காகிதத்தைப் பிய்த்தார். ஆனால் கிழிக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மறுபடி வந்துட்டுன்னா எத மொதல்ல மூடணும்னு மறந்துரும்லா?"

முகப்பேர் பெரியவர்

முகப்பேர் ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். திறந்த மூன்றில் இரண்டை எடுத்தேன். மூன்றாவது, கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று தினம் ஒரு குறிப்புச் சொல்லும் பெட்டி. அதில் கை வைக்கும்போது தடுத்துவிட்டார். மகன், மருமகள், பேரன் எல்லோரும் அடுத்த அறையில்தான் இருந்தார்கள். எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்று நான் அன்றே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

"அதை மட்டும் விட்டுடும்மா. காலையில என்கிட்ட நின்னு ஒரு வார்த்தை சொல்ற ஆளு அது ஒண்ணுதான்."

பூந்தமல்லியில் போன பெயர்

இது என் மானத்தை வாங்கிய கேஸ். பூந்தமல்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ். நாலு விண்டோ திறந்தது. அதில் ஒன்று மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த பொடிப் பெட்டி. யாரையும் கேட்காமல் நாலையும் எடுத்தேன். திரை பளிச்சென்று ஆனது. பிரஸ்காரர் காபி வாங்கிக் கொடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்குள் நுழையும்போதே முதலாளி போனை என் பக்கம் நீட்டினார். மறுமுனையில் பிரஸ்காரர். "இன்னாம்மா பண்ணிட்டுப் போன? பொண்ணு பேர அடிச்சா ஏதேதோ எய்த்தா வருது. சாய்ந்தரம் பத்திரிகை குடுக்கணும், ஆளுங்க சும்மா நின்னுகினு கீறாங்க." அந்தப் பொடிப் பெட்டிதான் தமிழ் கீபோர்டு புரோகிராம். அது ஓடாவிட்டால் தமிழ் வராது.

நல்லவேளை, எனக்கு எதையும் அழிக்கும் பழக்கம் இல்லை. எடுத்ததையெல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டுத் திரையிலேயே விட்டுவிட்டு வருவேன். "அண்ணே, வலது பக்கம் கீழ மஞ்சள் கவர் ஒண்ணு தெரியுதா? அதைத் திறங்க. உள்ள 'அ' போட்ட படம் இருக்கா?" என்று ஆரம்பித்தேன். போன் ஒயரை இழுத்துப் பிடித்தபடி அவர் நான் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தார். பெட்டியை ஓடவிட்டு, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் திரும்பப் போடவும் வைத்தேன். ஆறு மாதம் போன் எடுத்தவளுக்கு, மெஷினைப் பார்க்காமலே வழி சொல்வது கைவந்த கலை. அந்த நாற்காலிதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "திரும்பி வந்தது வந்ததுதான்" என்று பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். ரிசீவரை வைக்கப் போகும்போது பிரஸ்காரர் சொன்னதுதான் ஆறுதல்.

"பொண்ணு பேரு வந்துடுச்சும்மா. போன்லயே முட்ச்சிட்டியே, அப்பால இன்னாத்துக்குக் காலைல பஸ் ஏறி வந்தே?"

திருமழிசை அரைப்புள்ளி

இரண்டு வாரம் போன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் மேனேஜர் போனில் கூப்பிட்டுக் கத்தினார். கொஞ்ச நாள் இலவசமாகப் பாருங்கள் என்று எவனோ போட்டுக் கொடுத்த புரோகிராம் ஒன்று, கெடு முடிந்தது என்று ஆன் செய்தவுடன் திரையை அடைத்துக்கொள்கிறது. பாஸ்கர் இரண்டு முறை போய் மெமரியைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார். ஸ்டார்ட்அப் ஃபோல்டரோ காலியாம். மறுநாள் சரக்கு வாங்குபவர்கள் பார்க்க வருகிறார்கள். சரியாகாவிட்டால் வேறு கம்பெனியைக் கூப்பிடுவாராம்.

"சார், இந்த மெஷின்ல முன்னாடி பழைய விண்டோஸ் இருந்துச்சா?" என்று கேட்டேன். இருந்தது என்றார். எனக்கு விளங்கிவிட்டது. பழைய விண்டோஸ் விட்டுப்போன ஒரு ஃபைலில், எதை ஆரம்பத்திலேயே ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. முதலாளியிடம் சொன்னேன். பாஸ்கர் சிரித்தார். முதலாளி பையை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

அங்கே போய் அந்த ஃபைலைத் திறந்தேன். வரி அங்கேதான் இருந்தது. இந்த முறை மேனேஜரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இது உங்களுக்கு வேணுமா சார்?" என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். வரியின் முன்னால் ஓர் அரைப்புள்ளி வைத்தேன். அத்தோடு அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. மூன்று முறை ஆன் செய்து காட்டினேன். மூன்று முறையும் திரை சுத்தம். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு புள்ளி வைக்கிறதுக்காம்மா மெஷினையே ரெண்டு தடவை பிரிச்சுப் போட்டாங்க?"

மறுநாள்

காலையில் கடைக்கு வந்தால், என் நாற்காலியில் பாஸ்கர். போன் எடுப்பதை இனி எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்று முதலாளி உத்தரவாம். பை என் மேசையிலேயே இருந்தது. பாஸ்கர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு வந்த பெருமிதம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

"கலா, ஆன் பண்ணினா ஆறு விண்டோ திறக்குதாம். இவர்கிட்ட முதல்ல என்ன கேட்கணும்?"

ஆக, மற்றவர்கள் எதையாவது செய்து காட்டிப் பெயர் வாங்கினார்கள், நான் திரையில் ஒன்றுமே இல்லை என்பதைக் காட்டிப் பெயர் வாங்கினேன்.