பொறிக்கு வைத்த பொட்டு

எரியாத பெட்ரோலின் வாடை சிலருக்குப் பிடிக்கும். ஆழமாக இழுத்து முகர்ந்துவிட்டு, ஆஹா என்பார்கள். எனக்கோ அது மூக்கில் ஏறியதுமே எழுந்து ஓடத் தோன்றும். சாவியைத் திருகத் திருக, இஞ்சின் "கிர்ர்… கிர்ர்" என்று முக்கி முனகி, பற்றிக்கொள்ளாமல் ஓய்ந்துபோக, முன்மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்து காருக்குள் வந்து நிறைகிற வாடை அது. எண்பதுகளின் பின்பாதியில், திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊரில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்குப் பேய் பிசாசின் மீதுகூட அவ்வளவு பயம் இருந்ததில்லை.

ஊரில் எந்தக் காருக்கும் "பிளசர்" என்றுதான் பெயர். எங்களுடையதை மட்டும் "கப்பல்" என்றார்கள். அமெரிக்காவில் செய்த எட்டு சிலிண்டர் வண்டி. ஏதோ ஒரு ஜமீன் வாங்கி, யாரோ ஒரு மில் முதலாளி ஓட்டி, நிறம் வெளிறிய பிறகு மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த அப்பாவின் கைக்கு வந்திருந்தது. பரளச்சிப் பக்கம் வத்தல் வாங்கப் போனால் பின்இருக்கையில் மூட்டை ஏறும். கல்யாண வீடென்றால் அதே இருக்கையில் மாப்பிள்ளை ஏறுவார். மாப்பிள்ளைகள் தும்மிக்கொண்டே ஊர்வலம் போன கதை எங்கள் பக்கம் பிரசித்தம். அது குடிக்கிற பெட்ரோலைப் பார்த்துவிட்டு, டீசல் இஞ்சினாக மாற்றச் சொல்லாதவர்கள் இல்லை. "யானைய வாங்கிட்டு ஆட்டுக்காலு ஒட்டச் சொல்றீகளா?" என்று அப்பா கேட்பார்.

அந்த யானைக்குக் கடுகளவில் ஒரு வியாதி இருந்தது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை நேரம் பார்த்து எழுப்பிவிடுவது "பாயிண்டு" என்ற இரண்டு சின்ன உலோகக் குமிழ்களின் வேலை. அவை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலக வேண்டும். தொடுகிற இடம் கருகிவிட்டால் பொறி வராது. அப்பா இறங்கி, மூடியைத் தூக்கி, உப்புத்தாளால் தேய்த்து, வாயால் ஊதிவிட்டு மறுபடியும் சாவியைத் திருகுவார். கடைத்தெருவில் நின்றால் அது வேடிக்கை. ஆளரவமற்ற கரிசல்காட்டு ரோட்டில், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே, பிள்ளைவலி கண்ட அம்மாவைப் பின்இருக்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அது வேடிக்கையாக இல்லை. எனக்கு அடுத்துப் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை அன்று வண்டிக்குள்ளேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. முன்இருக்கையில் இருந்த என்னை "திரும்பாதடி" என்று அத்தை அதட்டினாள். நான் திரும்பவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த "கிர்ர்" சத்தமும் அந்த வாடையும்தான்.

அத்தை அப்பாவின் அக்கா. வாக்கப்பட்டுப் போன வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எங்கள் வீட்டின் சாவிக்கொத்தும் அடுப்படியும் வாயும் அவளுடையவை. அம்மா மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையில் யாரோ சொல்லி, பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் கருகவும் செய்யாது, தேய்க்கவும் வேண்டாம் என்று கேள்விப்பட்டு வந்தார். அத்தைக்கு அது பிடிக்கவே இல்லை.

"வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடாதடா தம்பி. தெரிஞ்ச நோக்காடு தேவல."

"அந்த நோக்காடுதானக்கா ஒரு பிள்ளைய வாங்கிருச்சு" என்றார் அப்பா.

மதுரையிலிருந்து வந்தவர் ஒரு பகல் முழுக்க வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். சோப்புக்கட்டி போல ஒரு கறுப்புப் பெட்டி, பொறிக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் காயில் புதுசாக ஒன்று, தடித்த சிவப்பு வயர்கள். போகும்போது, "இது முரட்டுப் பொறி, மொதலாளி. ஓடும்போது வயர்ல கைய வச்சிராதீக, தூக்கி எறிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சாவியைத் தொட்டதும் வண்டி பற்றிக்கொண்டது. அப்பா அதை அணைத்து அணைத்து மறுபடி பற்றவைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடத்தான் செய்தது. அப்பா இவ்வளவு பயந்திருக்கிறாரென்றால் நாம் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து ஆயுத பூசை வந்தது. வழக்கமாகச் சந்தனமும் குங்குமமும் ஸ்டியரிங்குக்கும் முன்மூடிக்கும் சக்கரங்களுக்கும்தான் வைப்போம். அந்த வருடம் அம்மா மூடியைத் திறக்கச் சொன்னாள். "எத நம்பி நம்ம உசுரு இருக்கோ அதுக்கு வைக்காம, தகரத்துக்கு வச்சா ஆச்சா?" என்றாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெட்டிக்கு, காயிலின் கழுத்துக்கு, வயர்கள் வந்து சேருகிற மூடிக்கு, ஒன்றுவிடாமல் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் நான் பயமில்லாமல் தூங்கினேன்.

எங்களுடையது வானம் பார்த்த பூமி. ஐப்பசி முழுக்க வானம் எங்களைப் பார்க்கவில்லை. சந்தனம் காய்ந்து கெட்டிதட்டி, அது பாட்டுக்கு இருந்தது, வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, ஊரே தெருவில் நின்று சந்தோஷப்பட, மழை இறங்கியது. நாள் இன்னும் இருக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்த அம்மாவுக்கு அந்த மழையிலேயே வலி கண்டுவிட்டது.

வீட்டில் தொட்டதும் பற்றிய வண்டி, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியை நோக்கித் திருச்சுழி தாண்டும்வரை நன்றாகத்தான் போனது. பள்ளங்களில் நின்ற தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி அடித்துக்கொண்டு போனோம். பிறகு ஒரு குலுக்கல், பின்னால் குழாயில் "டப்" என்று ஒரு வெடி, இன்னொரு குலுக்கல். அப்பா ஸ்டியரிங்கைக் கெஞ்சுவது போல் தடவினார். முன்பு நின்ற அதே காட்டுப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. "கிர்ர்… கிர்ர்." அந்த வாடை வந்தது. அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

அத்தை ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவின் முனகலைக் கேட்க மாட்டாமல் நானும் கூடவே இறங்கினேன். அப்பா மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே ஓடிப்போய்ச் சாவியைத் திருக, மழை உள்ளே விழாதபடி சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அத்தை அலறினாள்.

"ஏலே தம்பி! பொட்டு எரியுதுடா!"

நானும் பார்த்தேன். மேகம் கவிந்த அந்த மங்கலில், காயிலின் கழுத்திலிருந்து நீலநூல் போல ஒன்று, ஈரத்தில் ஊறிக் கசிந்திருந்த குங்குமத்தின் வழியாக "சிடுசிடு"வென்று இரும்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. பழைய சோகைப் பொறியாக இருந்திருந்தால் இப்படிக் கண்முன்னே ஓடியிருக்காது. இது மதுரைக்காரர் சொன்ன முரட்டுப் பொறி. போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நனைந்த சந்தனம் காட்டிய குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தது. அப்பா சாவியை விட்டுவிட்டு வந்து பார்த்ததுமே புரிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை உருவினார்.

"என்ன செய்யப் போறீக?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "பொட்டயா அழிக்கப் போறீக? வேண்டாங்க. என் உசுரு போனாலும் போகட்டும். நான் வச்ச பொட்ட ஒங்க கையால அழிக்காதீக."

குங்குமச் சிமிழ் கைதவறி விழுந்தாலே நெஞ்சு பதறுகிற வீடு எங்களுடையது. அப்பாவின் கை அப்படியே நின்றது. மின்சாரத்தை நம்பி மதுரை வரைக்கும் போன மனிதர்தான். ஆனாலும் துண்டு காயிலின் பக்கம் போகவில்லை. ஒரு பக்கம் அம்மாவின் உயிர், ஒரு பக்கம் அப்பாவின் ஆயுள் என்று எனக்கும் தோன்றியது.

அத்தை சாக்கை என் கையில் திணித்தாள்.

"தள்ளுடா. எம் பொட்ட ஊரே கூடி அழிச்சுச்சு. எனக்கு இனிப் போறதுக்கு என்ன இருக்கு? இந்தப் பாவம் எங்கையோட போகட்டும்."

துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, காயிலின் கழுத்தையும் வயர்களையும் அவை சேருகிற மூடியையும் அழுத்தித் துடைத்தாள். துண்டில் சிவப்பும் மஞ்சளுமாக வந்தது. ஈரம் போகத் தன் முந்தானையின் உள்மடிப்பால் ஒற்றி எடுத்தாள். அப்பா போய்ச் சாவியைத் திருகினார். கப்பல் ஒருமுறை உதறிக்கொண்டு, அந்தக் காடே அதிரும்படி பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில்தான் அப்பா அதை அணைத்தார்.

அங்கே என் தம்பி பிறந்தான், ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அத்தை அதை நம்பவில்லை என்பது வெகுகாலம் எங்களுக்குத் தெரியாது. அப்பா வத்தல் லோடு ஏற்றப் போனால் அவர் திரும்பும்வரை அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தெருமுனையில் நிற்பாள். மழை தூறினால் கேட்கவே வேண்டாம். "தம்பிப் பாசம் முத்திப்போச்சு" என்று நாங்கள் கேலி செய்வோம். தொண்ணூறுகளின் நடுவில் கப்பல் இரும்பு விலைக்குப் போய், அப்பா பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகும் அவள் நின்றாள். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோதுதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கையால ஒனக்கு ஒண்ணும் கெட்டுப் போகலல்லத்தா?" என்று கேட்டாள். "ஒங்க கை இல்லேன்னா எங்கையில பிள்ளை ஏது மதினி?" என்று சொல்லி அம்மா அழுதாள்.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. தம்பியின் காரில் முன்மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் பலகைதான் தெரிகிறது. பொறி எங்கே பிறந்து எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்தத் தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது, மதுரைக்குப் போன அப்பா திரும்ப நேரமாகிவிட்டது, போனையும் எடுக்கவில்லை. அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனாள். நீயும் அத்தை மாதிரி ஆரம்பித்துவிட்டாயா என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அவுக இருந்த வரைக்கும் இந்த வீட்டுல பயப்படுறதுக்குன்னு ஒரு ஆளு இருந்தாக. நான் நிம்மதியாச் சாப்பிட்டேன்" என்றாள்.